மருத்துவக் கல்வியின் வாசலில்: காத்திருப்பின் வரலாறு

நீட் தேர்வின் முடிவு வந்து, தரவரிசைப் பட்டியல் வந்து, கலந்தாய்வின் சுற்றுகள் ஒவ்வொன்றாக நடந்து முடியும்வரை உள்ள வாரங்கள், மருத்துவராக விரும்பும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் உறக்கம் குறைந்த வாரங்களாகும். மக்ரிப் தொழுகை முடிந்ததும் தந்தையர் சிலர் எம்மிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஹஜ்ரத், பிள்ளைக்குத் துஆ செய்யுங்கள்" என்பர். தாய்மார் ஆலிமாக்களிடம் சொல்லியனுப்புவர். நாமும் கையேந்துகிறோம். ஆயினும், துஆவுக்கு அப்பால் இவ்வாரங்களில் ஆசிரியர்களுக்கும் உறவினர்களுக்கும் மஹல்லாவாசிகளுக்கும் சில கடமைகள் உண்டு. அதனைச் சென்ற ஆண்டு நாம் செய்த ஒரு பிழையின் வழியாகவே உணர்ந்தோம்.

எமது மத்ரஸாவின் பெண்கள் பகுதியில் சிறு வயதுமுதல் ஓதி வந்த மாணவி ஒருத்தி. பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, நீட் எழுதி, முதற்சுற்றில் இடம் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தாள். ஞாயிறுதோறும் நடைபெறும் தஃப்ஸீர் வகுப்புக்கு அவள் வரும்போதெல்லாம் ஆலிமாக்கள், "என்னம்மா, ஏதும் தெரிந்ததா?" என்று கேட்டனர். அவளுடைய தந்தையைக் காணும்போதெல்லாம் நாமும் அதையே கேட்டோம். அன்பினால் கேட்பதாகவே எண்ணியிருந்தோம். மூன்றாவது வாரம் அவள் வரவில்லை. நான்காவது வாரமும் வரவில்லை. உடல்நலம் சரியில்லையா என்று விசாரித்தபோது அவளுடைய தந்தை சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உடம்புக்கு ஒன்றுமில்லை ஹஜ்ரத். பதில் இல்லாத கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். யாரும் கேட்காத இடம் என்றுதான் அவள் இங்கே வந்துகொண்டிருந்தாள். இங்கேயும் கேட்டால் அவள் எங்கே போவாள்?"

அந்தச் சொல் எம்மை வெட்கப்படச் செய்தது. காத்திருப்பவரின் நிலை என்ன, அவருக்கு நாம் செய்ய வேண்டியது என்ன என்று அன்றுமுதல் சிந்திக்கலானோம். மருத்துவராக விரும்பியோர் எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த வாசல்களில் நின்றனர், அவ்வாசல்களைக் காத்தவர்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்று வரலாற்று நூல்களைப் புரட்டினோம். அங்கே கற்றதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பக்தாத், ஹிஜ்ரி 319

மருத்துவராகத் தகுதி உள்ளவர் யார் என்பதை அரசாங்கமே நேரில் அழைத்துக் கேட்டறிந்த நிகழ்ச்சிகளுள் மிகவும் அறியப்பட்ட ஒன்று, அப்பாஸிய கலீஃபா அல்முக்ததிரின் ஆட்சியில் நடைபெற்றது. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931ஆம் ஆண்டில், பக்தாத் நகரில் மருத்துவர் ஒருவரின் தவற்றால் நோயாளி ஒருவர் இறந்துபோனார். செய்தி கலீஃபாவின் செவிக்கு எட்டியது. தலைமை மருத்துவராயிருந்த ஸினான் இப்னு ஸாபித் சோதித்து எழுத்தில் அனுமதி தந்தாலன்றி இனி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று அவர் ஆணையிட்டார். அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிபிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஸினான், கணித மேதை ஸாபித் இப்னு குர்ராவின் மகன். மருத்துவம் ஒரு சிலருக்கு மட்டும் உரியதன்று என்று எண்ணியவர். அமைச்சர் அலீ இப்னு ஈஸாவின் கட்டளைப்படி, சிறைகளில் இருப்போரை நாள்தோறும் சென்று பார்க்க மருத்துவர்களை ஏற்பாடு செய்தவரும், மருந்துகளுடன் கிராமங்களுக்கு மருத்துவர்களை அனுப்பியவரும் அவரே. அத்தகைய ஒருவரின் முன்னிலையில் பக்தாதின் இரு கரைகளிலிருந்தும் எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் வந்து நின்றனர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். புகழ் பெற்றிருந்தோரும் அரண்மனைப் பணியில் இருந்தோரும் இச்சோதனையிலிருந்து விலக்கப்பட்டனர். அந்த எண்ணிக்கையில் அவர்கள் சேரவில்லை. ஏனையோர் ஒவ்வொருவராக வந்து கேள்விக்குப் பதில் சொன்னார்கள். எவர் எந்த அளவு மருத்துவம் செய்யலாம் என்பது அவரவர் அறிவுக்கு ஏற்ப வரையறுக்கப்பட்டது.

எண்ணூற்று அறுபது பேர் என்றால், எண்ணூற்று அறுபது குடும்பங்கள் என்று பொருள். பல்லாண்டுகள் செய்துவந்த தொழில் நாளை இருக்குமா, இராதா என்று தெரியாமல் அவர்கள் முறைக்காகக் காத்திருந்தனர். நூல்கள் அந்த எண்ணிக்கையை மட்டும் பதிவு செய்துள்ளன. அன்றிரவு எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் எரிந்திருக்கும் என்பதை, இன்று பிள்ளையின் கைப்பேசித் திரையைப் பார்த்தபடி விழித்திருக்கும் பெற்றோர் நன்கு அறிவர்.

முதியவரும் அவருடைய மகனும்

இச்சோதனையின்போது நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இப்னுல் கிஃப்தீ தம் நூலில் எழுதியுள்ளார். நல்லாடை அணிந்த, கம்பீரமான முதியவர் ஒருவர் ஸினானிடம் வந்தார். அவருடைய தோற்றத்தைக் கண்டு ஸினான் அவரை மரியாதையுடன் அருகில் அமர்த்திக்கொண்டார். மற்றவர்களின் அலுவல் முடிந்து அவையினர் கலைந்த பின், தாங்கள் கற்றதிலிருந்து நான் பயன் பெறும்படி ஏதேனும் சொல்லுங்கள் என்றும், தங்கள் ஆசான் யார் என்றும் பணிவுடன் வினவினார். முதியவர் தம் சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு தாள் மடிப்பை எடுத்து ஸினானின் முன் வைத்தார். அதற்குள் பொற்காசுகள் இருந்தன. தமக்கு எழுதவோ படிக்கவோ சரியாகத் தெரியாது என்றும், எந்த நூலையும் பயின்றதில்லை என்றும், தம் குடும்பம் இத்தொழிலை நம்பியே வாழ்கிறது என்றும், அதனைத் துண்டித்துவிட வேண்டாம் என்றும் அவர் மன்றாடினார்.

ஸினான் சிரித்துவிட்டார். பின்னர் ஒரு நிபந்தனை விதித்தார். தமக்குத் தெரியாத எதையும் நோயாளியின்மேல் செய்து பார்க்கக் கூடாது; எளிய நோய்கள் தவிர மற்றவற்றுக்கு இரத்தம் எடுக்கவோ பேதி மருந்து தரவோ சொல்லக் கூடாது. முதியவர், வாழ்நாள் முழுதும் தம் வழக்கம் அதுவே என்றும், காடிப் பானத்தையும் பன்னீர்ப் பானத்தையும் தாண்டித் தாம் எதையும் கொடுத்ததில்லை என்றும் கூறி விடைபெற்றார். மறுநாள் அழகிய தோற்றமுடைய இளைஞர் ஒருவர் வந்தார். யாரிடம் கற்றீர் என்று ஸினான் கேட்க, தந்தையிடம் என்றார். தந்தை யார் என்று கேட்க, நேற்று தங்களிடம் வந்த முதியவர் என்றார். அவருடைய வழியில்தான் நீரும் செல்கிறீரா என்று ஸினான் கேட்டார். ஆம் என்றதும், அந்த எல்லையைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.

இந்தச் சம்பவம் படிப்போரைப் புன்னகைக்கச் செய்யும். ஆனால் ஒரு நேர்முகத் தேர்வின் எல்லா இயல்புகளும் இதற்குள் அடங்கியுள்ளன. முதலாவது, ஆடையும் தோற்றமும் கேட்பவரை மயக்கிவிடும். ஸினான் போன்ற அறிஞரும் தொடக்கத்தில் தோற்றத்தைக் கண்டே மரியாதை செய்தார். இரண்டாவது, வாசலில் பொற்காசை வைக்கும் ஆசை மிகப் பழையது. மூன்றாவது, இவற்றுக்கெல்லாம் மேலாக, ஸினான் விதித்த நிபந்தனை நோயாளியை மனத்தில் வைத்து விதிக்கப்பட்டது. வந்தவரின் பெருமையையோ சிறுமையையோ அளப்பது அவருடைய வேலையாக இருக்கவில்லை. நோயாளிக்குத் தீங்கு நேராமல் காப்பதே அவருடைய வேலையாக இருந்தது.

இது நம் மார்க்கத்தின் போதனையோடு பொருந்துகிறது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்திலமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. ஆகவே மருத்துவத்தின் வாசலில் காவல் இருப்பது நியாயமே. நாளை நம் பிள்ளை தொடப்போவது மனித உயிரை. அந்த உயிரின் சார்பில் யாரோ ஒருவர் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

வாசல் திறக்காதபோது

இனி, வாசல் திறக்கப்படாத ஒருவரின் வரலாற்றைப் பார்ப்போம். எகிப்தில் கி.பி. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அலீ இப்னு ரிழ்வான், ஜீஸாவில் ரொட்டி சுடும் ஏழை ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பதினைந்தாம் வயதளவில் மருத்துவம் கற்க முனைந்தார். ஆசான்களிடம் சென்று பயிலப் பணம் இல்லை. தெருவோரம் அமர்ந்து சோதிடம் பார்த்தும், பிறருக்குப் பாடம் சொல்லியும் பிழைத்துக்கொண்டே நூல்களைத் தாமே படித்தார். முப்பது வயதைத் தாண்டிய பிறகே அவருடைய பெயர் வெளியே தெரிந்தது. பின்னாளில் காஹிராவின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். சோதிடம் பார்த்ததை நாம் முன்மாதிரியாகச் சொல்லவில்லை. மார்க்கம் அதை அனுமதிப்பதில்லை. பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட அந்த நெடிய ஆண்டுகளையே கவனிக்கச் சொல்கிறோம்.

அவருடைய துன்பம் வறுமையோடு நிற்கவில்லை. பக்தாதிலிருந்து வந்த மருத்துவர் இப்னு புத்லானுக்கும் அவருக்கும் இடையே கடும் எழுத்துப் போர் மூண்டது. ஆசானிடம் கற்பதே மேல் என்றார் இப்னு புத்லான். நூல்களே போதும் என்றார் இப்னு ரிழ்வான். வாதம் முற்றி, இப்னு ரிழ்வானின் கறுத்த, அழகற்ற முகத்தை இப்னு புத்லான் எள்ளி நகையாடினார். மருத்துவருக்கு முக அழகு தேவையில்லை என்று நிறுவ இப்னு ரிழ்வான் தனியே ஒரு நூலே எழுத வேண்டியதாயிற்று. நேர்முகத்தில் தோற்றத்தைக் கண்டு மதிப்பிடுவதற்கு எதிராக ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவர் எழுதிய மறுப்பு என்று அதனைக் கருதலாம்.

வறுமையால் மூடிய வாசலை வேறொருவர் திறந்தார். திமிஷ்கில் வாழ்ந்த முஹத்ஸபுத்தீன் அத்தஃக்வார் கண் மருத்துவர் ஒருவரின் மகன். தாமும் கண் மருத்துவராகத் தொடங்கிப் பெரும் மருத்துவராக உயர்ந்தவர். ஹிஜ்ரி 622ஆம் ஆண்டில் தம் வீட்டையே மருத்துவப் பள்ளியாக வக்ஃபு செய்தார். ஆசிரியரின் ஊதியத்துக்கும் மாணவர்களின் உதவித்தொகைக்கும் வருவாய் தரும் சொத்துக்களையும் அதனுடன் சேர்த்து எழுதிவைத்தார். அவருடைய மாணவரான இப்னு அபீ உஸைபிஆவே இதனைப் பதிவு செய்துள்ளார். வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்காகச் சமுதாயம் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு இது ஓர் அழகிய விடை.

சென்னையில் திறந்த வாசல்

நம் மண்ணுக்கு வருவோம். சென்னையில் மருத்துவப் பள்ளி 1835ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தொடங்கப்பட்டது. 1850இல் அது சென்னை மருத்துவக் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. தொடங்கிய நாள்முதல் நாற்பது ஆண்டுகள் பெண்களுக்கு அங்கே இடமில்லை. 1875இல்தான் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அப்போது சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த எட்வர்டு பால்ஃபர் அதற்குத் துணைநின்றார்.

ஷார்லீப் அம்மையார் மருத்துவம் கற்க விரும்பியதற்கான காரணம் நம் பெண்மக்களோடு தொடர்புடையது. அந்நிய ஆடவரின் முன் வராத கோஷா வழக்கமுள்ள முஸ்லிம், இந்துக் குடும்பங்களின் பெண்கள் பேற்றுக் காலத்தில் தக்க மருத்துவ உதவியின்றி வருந்துவதைக் கேள்விப்பட்டே அவர் அத்துறையை நாடினார். பின்னர் இலண்டன் சென்று மேலும் கற்றுத் திரும்பி, 1885இல் சென்னையில் பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை அமையக் காரணமானார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் விளங்கும் அதனைச் சென்னைவாசிகள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றனர். நம்முடைய பாட்டிமார் பலருக்கு அப்பெயர் நன்கு தெரியும்.

பெண்கள் அந்த வாசலுக்கு வெளியே நின்ற நாற்பது ஆண்டுகளும் அவர்களுக்கு அறிவு இல்லாமல் போன ஆண்டுகள் அல்ல. வாசலில் இருந்தவர்களின் விதிதான் அவ்வாறு இருந்தது. விதி மாறியதும் அதே பெண்கள் மருத்துவர்களானார்கள். இதனை நம் பிள்ளைகளுக்கு நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மாறிக்கொண்டே வந்த அளவுகோல்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் சென்னை மாகாணத்தின் மருத்துவ இடங்கள் வகுப்புவாரி அரசாணையின்படி நிரப்பப்பட்டன. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. அப்போது மாகாணத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து 330 இடங்களே இருந்தன. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. அதன் விளைவாக, அவ்வாண்டே அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்குத் தனிச்சலுகை அளிக்க அது வழிவகுத்தது. நம் நாட்டின் அரசியலமைப்பு முதன்முதலாகத் திருத்தப்பட்டதற்கு மருத்துவக் கல்லூரி வாசலும் ஒரு காரணம் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பின்னர் மாவட்டவாரியாக இடங்களைப் பிரித்துத் தரும் முறை வந்தது. ராஜேந்திரன் வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. அந்நாட்களில் மருத்துவப் படிப்புக்கு நேர்முகத் தேர்வும் இருந்தது. அதற்கு 75 மதிப்பெண்கள். விளையாட்டு, பொதுப்பணி, உடல் வலிமை, பொது ஆற்றல், மருத்துவத்தில் நாட்டம் முதலியவற்றைத் தேர்வுக் குழுவினர் சில நிமிடங்களில் மதிப்பிட வேண்டும். 1970இல் பெரியகருப்பன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. மாநிலத்தைப் பல பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிக் குழு தேர்வு செய்ததால், ஓரிடத்தில் அதிக மதிப்பெண் பெற்றவர் வெளியே நிற்க, வேறிடத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் உள்ளே செல்லும் நிலை ஏற்பட்டது. அம்முறை சமத்துவத்துக்கு மாறானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேர்முகத் தேர்வையே அது தள்ளிவிடவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு எல்லை வகுத்த தீர்ப்பு 1980இல் காஷ்மீரிலிருந்து சென்ற அஜய் ஹாசியா வழக்கில் வந்தது. ஸ்ரீநகரின் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்முகத்துக்கு 50 மதிப்பெண்ணும் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு அல்லது மூன்று நிமிடங்களே பேசப்பட்டது. மொத்தத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்று நீதிமன்றம் கூறியது. மூன்று நிமிடங்களில் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவருக்கும் இருக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தமிழ்நாட்டில் 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. நகரத்துப் பயிற்சி மையங்களை நாட இயலாத கிராமப்புறப் பிள்ளைகளின் நலனுக்காக 2007ஆம் ஆண்டுச் சேர்க்கைமுதல் அது நீக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. அதே 2007இல் பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளிக்கப்பட்டது. 2017முதல் நீட் தேர்வின் 720 மதிப்பெண்கள் அளவுகோலாயின. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது.

இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஒரே அறிவும் ஒரே உழைப்பும் உள்ள பிள்ளை 1950இல் ஒரு கணக்கால், 1970இல் ஒரு குழுவின் மதிப்பீட்டால், 1990இல் நுழைவுத் தேர்வால், 2010இல் பள்ளி மதிப்பெண்ணால், இன்று நீட் மதிப்பெண்ணால் அளக்கப்படுகிறது. ஓர் ஆண்டில் உள்ளே சென்றிருக்கக்கூடிய பிள்ளை மற்றோர் ஆண்டில் வெளியே நின்றிருக்கும். பிள்ளை மாறவில்லை, அளவுகோல் மாறியது. அவ்வாறாயின், அந்த அளவுகோல் காட்டும் எண்ணைப் பிள்ளையின் மதிப்பென்று கொள்வது எவ்வாறு தகும்? அது ஓர் ஆண்டின் ஓர் இடத்தைப் பற்றிய முடிவு. அதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அல்லாஹ்வின் தராசு வேறு. அதில் எண்ணங்களும் செயல்களும் நிறுக்கப்படுகின்றன.

காத்திருப்பவருக்கு நாம் செய்ய வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து நம் குடும்பங்களுக்கு நாம் சொல்ல விரும்புபவை சில.

பெற்றோரே, பொற்காசை வாசலில் வைக்காதீர்கள். கலந்தாய்வுக் காலத்தில், இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்கள் வருவர். உங்கள் பதற்றமே அவர்களுடைய முதலீடு. தமிழ்நாட்டில் நன்கொடை வசூலிப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1992முதலே உள்ளது. சட்டம் இல்லாவிடினும் நமக்கு நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை உண்டு. லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் சாபத்துக்குரியவர்கள். வட்டிக்கு வாங்கியும் வீட்டை அடகு வைத்தும் பெறும் இடம், அதில் அமரும் பிள்ளையின் நெஞ்சிலும் சுமையாக அமரும். உயிரைக் காக்கும் தொழிலின் முதற்படி ஹலாலானதாக இருக்கட்டும்.

பிள்ளைகளே, பொறுமை என்பது கைகட்டி அமர்ந்திருப்பதன்று. மகன் யூஸுஃபைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொண்டார்கள். அதே வேளையில், சென்று தேடுங்கள் என்று தம் மக்களை அனுப்பினார்கள். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் அறிவுறுத்தினார்கள். பொறுமையும் தேடலும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு அந்த நபியின் வாழ்வு சான்று. ஆகவே, அடுத்த சுற்றுக்கான சான்றிதழ்களைச் சரிபார்த்து வையுங்கள். விண்ணப்பத்தில் கல்லூரி விருப்பங்களைப் பெற்றோருடன் அமர்ந்து நிதானமாகப் பதிவு செய்யுங்கள். செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் போன்ற பிற வழிகளுக்கும் விண்ணப்பியுங்கள். நோயாளிக்குத் துணைநிற்கும் கைகள் அனைத்தும் மதிப்புக்குரியவையே. இஸ்திகாரா தொழுங்கள். நபி (ஸல்) அவர்கள் குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்பிப்பதுபோல் அதனைத் தம் தோழர்களுக்குக் கற்பித்தார்கள். இஸ்திகாரா, விரும்பியதைப் பெற்றுத் தரும் மந்திரமன்று. நன்மை எங்கே உள்ளதோ அங்கே நம்மைத் திருப்பி, அதில் மனநிறைவையும் தரும்படி வேண்டுவதே அது.

உறக்கமின்மையும் மனச்சோர்வும் மிகுந்து, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டுமாயின், உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள்; மனநல மருத்துவரை நாடுங்கள். மருத்துவம் கற்க விரும்புகிறவர் மருத்துவரை நாடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெற்றோரும் அத்தகைய சொல்லைக் கேட்டால் கண்டிக்காமல், தனியே விடாமல், உடனிருந்து செவிசாயுங்கள்.

செல்வம் படைத்தோரே, திமிஷ்கில் தம் வீட்டை வக்ஃபு செய்த அந்த மருத்துவரை நினையுங்கள். நம் ஊர்களில் மறுமுறை தேர்வெழுத வசதியின்றி நிற்கும் பிள்ளைகள் உள்ளனர். ஓர் அறையும், சில நூல்களும், பாடம் சொல்லித்தர மருத்துவ மாணவர் ஒருவரும் இருந்தால் பள்ளிவாசலின் மாடியே அவர்களுக்குப் படிப்பகமாகும்.

உறவினர்களே, ஆசிரியர்களே, நமக்கான கடமை எளியது, ஆனால் கடினமானது. கேட்காதிருப்போம். முடிவு வந்தால் அவர்களே சொல்வார்கள். அதுவரை அவர்களோடு உண்போம், தொழுவோம், வேறு செய்திகளைப் பேசுவோம்.

அந்த மாணவியின் தந்தை பேசிய மறுநாளே ஆலிமாக்களை அழைத்து, இனி எவரும் அவளிடம் அதனைக் கேட்க வேண்டாம் என்று சொன்னோம். எமக்கும் அதையே சொல்லிக்கொண்டோம். இரு வாரங்கள் கழித்து அவள் வந்தாள். வகுப்பு முடிந்ததும் ஆலிமாவிடம், சிறு பிள்ளைகளுக்குக் காயிதா ஓதிக்கொடுக்கட்டுமா என்று கேட்டாளாம். எல்லாச் சுற்றுகளும் முடிந்தன. சென்ற ஆண்டு அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இவ்வாண்டு மீண்டும் எழுதியிருக்கிறாள். இப்போதும் காத்திருக்கிறாள். அஸருக்குப் பின் அவள் முன் பதினோரு சிறுமியர் அமர்ந்து அலிஃப், பா என்று உரக்கச் சொல்கின்றனர். பள்ளிவாசலின் படிகளில் அவளுடைய தந்தையைக் காண்கிறோம். ஸலாம் சொல்கிறோம், கடையின் வியாபாரத்தையும் மழையையும் பற்றிப் பேசுகிறோம். வேறொன்றும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து இரவின் கடைசிப் பகுதியில் அவளுக்காகக் கையேந்துகிறோம்.

யா அல்லாஹ்! வாசலில் நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கு எது நன்மையோ அதனை எளிதாக்குவாயாக. வாசலைக் காப்போரின் உள்ளங்களில் நீதியை நிலைபெறச் செய்வாயாக. காத்திருப்போரின் நெஞ்சங்களுக்கு அமைதியையும், அவர்களோடு இருப்போரின் நாவுகளுக்கு அடக்கத்தையும் அருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.